பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வும் நம் இல்லங்களும்

மார்கழிப் பனி இறங்கத் தொடங்கிவிட்டால் தலைநகரில் வாழும் நம்மவர் இல்லங்களில் இரண்டு பேச்சுக்கள் தவறாமல் எழும். பொங்கலுக்கு இஞ்சிக் கொத்தும் மஞ்சள் கொத்தும் எந்தக் கடைவீதியில் கிடைக்கும் என்பது ஒன்று. பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை விரைவில் எழுதப் போகும் பொதுத் தேர்வு மற்றொன்று. கணிதத்திற்கும் விஞ்ஞானத்திற்கும் அஞ்சுவோர் பலர். அவற்றிற்குத் தனிப்பயிற்சி ஆசிரியர்களும் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். ஆங்கிலத்தை மட்டும் “படித்தால் வந்துவிடும்” என்று தள்ளி வைப்போரும், “நம்மால் ஆகாதது” என்று கைவிடுவோருமே மிகுதி. இவ்விரு மனப்பான்மைகளும் பிள்ளைகளுக்கு நன்மை செய்வன அல்ல என்பது நமது கருத்து. ஆதலின் இவ்விதழில் அத்தேர்வைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதத் துணிந்தோம்.

இன்னொரு காரணமும் உண்டு. பிள்ளை பத்தாம் வகுப்பிற்கு வந்ததும், “இந்த ஓராண்டு வீட்டில் தமிழே வேண்டாம், ஆங்கிலம் மட்டும் பேசுவோம்” என்று தீர்மானம் செய்யும் குடும்பங்கள் நம்மிடையே பெருகி வருகின்றன. நல்லெண்ணத்துடன் செய்யப்படும் தீர்மானம்தான். ஆனால் அதன் விளைவு யாது? ஆங்கிலம் தடையின்றிப் பேசத் தெரிந்த தகப்பனார் மாலை எட்டு மணிக்கு மேல்தான் அலுவலகத்திலிருந்து திரும்புகிறார். பகலெல்லாம் உடனிருக்கும் தாயாரும் பாட்டியாரும் வாய் திறக்க அஞ்சுகிறார்கள். பள்ளியில் நடந்ததை வந்ததும் வராததுமாகக் கொட்டித் தீர்க்கும் பிள்ளை, “உங்களுக்குச் சொன்னால் புரியாது, அம்மா” என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொள்கிறது. மதிப்பெண் கூடுகிறதோ இல்லையோ, வீட்டிற்குள் ஒரு சுவர் எழும்பிவிடுகிறது. அந்தச் சுவர் இல்லாமலேயே ஆங்கிலத்தில் தேற முடியும். தமிழ் அறிந்த வீடு அதற்கு இடையூறன்று, துணையே என்பதைத்தான் இங்கே காட்ட முயல்கிறோம்.

முதலில் தேர்வின் அமைப்பைத் தெரிந்துகொள்வோம். மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் 2025-26ஆம் கல்வியாண்டுப் பாடத்திட்டப்படி, ‘ஆங்கிலம் - மொழியும் இலக்கியமும்’ என்னும் தாளுக்குக் குறியீட்டு எண் 184. எழுத்துத் தேர்வுக்கு 80 மதிப்பெண். பள்ளியே அளிக்கும் அக மதிப்பீட்டிற்கு 20. எழுதுவதற்கு மூன்று மணி நேரம். தாளில் மூன்று பகுதிகள். படித்து உணர்தலுக்கு 20, எழுத்துப் பயிற்சிக்கும் இலக்கணத்திற்குமாக 20, பாடநூல் இலக்கியத்திற்கு 40. தேர்ச்சிக்கு நூற்றுக்கு 33 போதும். பாடத்திட்டம் ஆண்டுதோறும் வாரியத்தால் வெளியிடப்படுவதாலும், சிற்சில மாறுதல்கள் நேர்வதாலும், அவரவர் பிள்ளை எழுதும் ஆண்டிற்குரிய பாடத்திட்டத்தைப் பள்ளியில் கேட்டு வாங்கிச் சுவரில் ஒட்டிவைப்பது நலம்.

படித்து உணரும் பகுதியில் பாடநூலில் இல்லாத இரண்டு உரைநடைப் பகுதிகள் தரப்படும். ஒன்று 400 முதல் 450 சொற்கள் வரை. மற்றொன்று 200 முதல் 250 சொற்கள் வரை இருக்கும். அதனுடன் ஒரு புள்ளிவிவரப் படமோ அட்டவணையோ சேர்ந்திருக்கும். இதற்கு மனப்பாடம் சிறிதும் உதவாது. நாள்தோறும் ஆங்கில நாளிதழில் ஒரு கட்டுரையைப் படித்து, “இதில் சொல்லியிருப்பது என்ன?” என்று தாயாருக்குத் தமிழில் சொல்லச் செய்வதே நாம் அறிந்த பயிற்சிகளுள் சிறந்தது. புரியாத இடத்தைத் தமிழில் சொல்ல முயலும்போதுதான் அது புரியவில்லை என்பதே வெளிப்படும். ஆங்கிலத்திலேயே சொல்லச் சொன்னால், கட்டுரையின் சொற்களைக் கிளிப்பிள்ளை போல் திருப்பிச் சொல்லித் தப்பித்துவிடுவார்கள். கேட்பவருக்கு ஆங்கிலம் தெரியாதது இங்கே ஒரு குறையே அன்று, தெரியாதவர் கேட்கும் “ஏன்?” “எப்படி?” என்னும் கேள்விகளே வினாத்தாளிலும் வேறு உருவில் வருகின்றன.

இலக்கணத்திற்கு 10 மதிப்பெண். பன்னிரண்டு வினாக்களில் பத்திற்கு விடை எழுதினால் போதும். காலங்கள், துணைவினைகள், எழுவாய்க்கும் பயனிலைக்கும் உள்ள இயைபு, அயற்கூற்று, பெயருக்கு முன் வரும் சுட்டுச் சொற்கள் ஆகியவையே பாடம். இங்கேதான் நம் பிள்ளைகள் வழுக்கி விழுகிறார்கள். வேறோர் இலக்கணத்தின் பழக்கத்தோடு ஆங்கிலத்தை அணுகுவதே அதற்குக் காரணம். அறிவுக் குறைவு அன்று. அப்பழக்கம் எங்கே உதவும், எங்கே கெடுக்கும் என்பதை அறிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

அயற்கூற்றை எடுத்துக்கொள்வோம். “நான் நாளை வருவேன்” என்கிறான் கண்ணன். இதைத் தமிழில் இருவகையாகச் சொல்லலாம். “‘நான் நாளை வருவேன்’ என்று கண்ணன் சொன்னான்” என்பது நேர்கூற்று. “தான் மறுநாள் வருவதாகக் கண்ணன் சொன்னான்” என்பது அயற்கூற்று. பேச்சுவழக்கில் நாம் ‘என்று’ என்னும் சொல்லைக் கொண்டே காலந்தள்ளிவிடுகிறோம். ஊரைவிட்டு வெளியே வளரும் பிள்ளைகள் ‘வருவதாக’ என்னும் உருவத்தைக் கேட்பதே அரிது. ஆங்கிலத்தில் மூன்று மாறுதல்கள் வேண்டும். ‘நான்’ என்பது ‘அவன்’ ஆக வேண்டும். ‘நாளை’ என்பது ‘மறுநாள்’ ஆக வேண்டும். வினைச்சொல் ஒரு படி பின்னோக்கிச் சென்று ‘வில்’ என்பது ‘வுட்’ ஆக வேண்டும். இம்மூன்றில் முதலிரண்டும் தமிழ் அயற்கூற்றிலேயே உள்ளவை. மூன்றாவது ஒன்றுதான் நமக்குப் புதிது. தமிழில் சொன்னவன் நேற்றுச் சொல்லியிருந்தாலும் ‘வருவதாக’ என்பது எதிர்காலமாகவே நிற்கும். ஆங்கிலத்தில் அது நிற்காது. இந்த ஒரு வேற்றுமையைப் பிள்ளையின் மனத்தில் பதியவைத்துவிட்டால், முப்பது விதிகள் அடங்கிய துணைநூல் தேவைப்படாது.

கட்டளையை மாற்றுவது இதைவிட எளிது. “கதவைச் சாத்து என்றார்” என்பதைத் தமிழில் “கதவைச் சாத்தும்படி சொன்னார்” என்கிறோம். அந்தப் ‘படி’ நிற்கும் இடத்தில் ஆங்கிலத்தில் ‘டு’ நிற்கிறது; வினைக்குப் பின்னே நிற்பது வினைக்கு முன்னே போய்விடுகிறது. கேள்வியிலோ தமிழே நமக்குக் கை கொடுக்கும். ஆங்கிலத்தில் நேராகக் கேட்கும்போது சொற்கள் இடம் மாறி ‘வேர் ஆர் யூ கோயிங்’ என்று வரும். பிறர் கேட்டதாகச் சொல்லும்போது அம்மாற்றம் நீங்கி ‘வேர் ஐ வாஸ் கோயிங்’ என்று இயல்பான வரிசைக்குத் திரும்பும். தமிழில் கேள்விக்காகச் சொற்களை இடம் மாற்றும் வழக்கமே இல்லை. ஆதலால் ‘இங்கே தமிழைப் போல எழுது’ என்று ஒரு வார்த்தை சொன்னால் பிள்ளைக்கு விளங்கிவிடும்.

துணைவினைகளில் நம்மைத் தடுமாற வைப்பது ‘வேண்டும்’ என்னும் சொல். தண்ணீர் வேண்டும், போக வேண்டும், பெரியோரை மதிக்க வேண்டும், மருந்து சாப்பிட்டே ஆக வேண்டும்: நான்கிற்கும் நமக்கு ஒரே சொல். ஆங்கிலத்திலோ விருப்பத்திற்கு ஒரு சொல், தேவைக்கு ஒன்று, அறவுரைக்கு ‘ஷுட்’, கட்டாயத்திற்கு ‘மஸ்ட்’ எனப் பிரிந்து நிற்கின்றன. அவ்வாறே ‘போகலாம்’ என்பது அனுமதியும் ஆகும், இயலுமென்பதும் ஆகும், “வா, போவோம்” என்னும் அழைப்பும் ஆகும். வீட்டில் ஒரு நாள் முழுதும் பேசும் ‘வேண்டும்’களையும் ‘லாம்’களையும் பொறுக்கி எழுதி, ஒவ்வொன்றும் எவ்வகை என்று பிள்ளையைப் பிரிக்கச் சொல்லலாம். சமையலறையிலிருந்தே இருபது வாக்கியங்கள் கிடைத்துவிடும்.

‘எ’, ‘த’ என்னும் சிறு சொற்கள் தமிழிலும் இல்லை, இந்தியிலும் இல்லை. ஆனால் நம் பாட்டிமார் கதை தொடங்கும் முறையைக் கவனியுங்கள். “ஒரு ஊரிலே ஒரு ராஜா இருந்தார். அந்த ராஜாவுக்கு ஒரு பெண் இருந்தாள். அந்தப் பெண்…” என்றுதான் கதை நடக்கும். முதன்முறை வரும்போது ‘ஒரு’; கேட்பவருக்குத் தெரிந்துவிட்ட பிறகு ‘அந்த’. ஆங்கிலச் சிறு சொற்களின் நுட்பத்தில் பெரும்பகுதி இதுவே. எல்லாம் இதுவன்று, ஆயினும் தொடக்கத்திற்கு இதைவிட நல்ல ஆசான் கிடைக்கமாட்டார். ‘இரண்டு புத்தகம்’, ‘பத்து மாம்பழம்’ என்று எண்ணுக்குப் பின் ஒருமையில் சொல்வது தமிழில் பிழையன்று; ஆங்கிலத்தில் பிழை. இதையும் ஒருமுறை சுட்டிக்காட்டினால் போதும்.

இனி எழுத்துப் பயிற்சி. 100 முதல் 120 சொற்களில் ஓர் அலுவல் முறைக் கடிதம், அதே அளவில் ஒரு பகுத்தாய்வுப் பத்தி. ஒவ்வொன்றுக்கும் 5 மதிப்பெண். கடிதத்தைப் பொறுத்தவரை நம் குடும்பங்களில் ஒரு தனித் தொல்லை உண்டு. நம் முன்னோரில் பலர் தட்டச்சையும் பிட்மன் சுருக்கெழுத்தையும் கையில் பிடித்துக்கொண்டு வடக்கே வந்தவர்கள். சர்க்கார் அலுவலகங்களில் அவர்கள் ஆங்கிலத்திற்கு இருந்த மதிப்புப் பெரிது. அந்தப் பெருமையால் இன்றும் பேரனின் கடிதத்தை வாங்கித் திருத்தும் தாத்தாக்கள், “பணிவுடன் விண்ணப்பித்துக்கொள்கிறேன்”, “ஆவன செய்ய வேண்டுகிறேன்”, “தங்கள் கீழ்ப்படிந்த ஊழியன்” என்பவற்றின் ஆங்கில உருவங்களை அள்ளிப் போட்டுவிடுகிறார்கள். அவர்கள் காலத்தில் அது மரியாதை. இன்று 120 சொற்களுக்குள் விஷயத்தைச் சொல்லியாக வேண்டிய மாணவனுக்கு அது சொற்செலவு. யார், யாருக்கு, எதைக் குறித்து, நடந்தது என்ன, வேண்டுவது என்ன என்ற ஐந்தும் இருந்தால் கடிதம் நிறைவு பெறும். தாத்தாக்கள் திருத்துவதை நிறுத்த வேண்டா. எழுத்துப்பிழையையும் நிறுத்தக்குறியையும் அவர்களைப் போல் கண்டுபிடிப்பவர் எவருமில்லை. வணக்க வாசகங்களை மட்டும் அவர்கள் தம்மிடமே வைத்துக்கொள்ளட்டும்.

பகுத்தாய்வுப் பத்தி என்பது ஒரு வரைபடத்தையோ அட்டவணையையோ பார்த்து, அதில் தெரிவதைக் கோவையாக எழுதுவது. இதற்குப் பயிற்சிநூல் தேடி அலைவானேன்? ஆறு மாத மின்சாரக் கட்டணச் சீட்டுகளைப் பிள்ளையிடம் கொடுங்கள். எம்மாதம் உச்சம், எம்மாதம் குறைவு, இரண்டிற்கும் என்ன வேறுபாடு, காரணம் யாதாக இருக்கலாம் என்று எழுதச் சொல்லுங்கள். வெயில் காலத்துக் குளிர்சாதனமும் தை மாதத்து வெந்நீர் அடுப்பும் அவனுக்குத் தெரிந்தவையே. எண்களை வரிசையாக ஒப்பிப்பது பகுத்தாய்வு ஆகாது. கூடியதையும் குறைந்ததையும் ஒப்பிட்டுக் காட்டுவதே கேட்கப்படுகிறது.

இலக்கியப் பகுதிக்கு வருவோம். தேசியக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் குழு வெளியிட்ட ‘ஃபர்ஸ்ட் ஃபிளைட்’, ‘ஃபுட்பிரிண்ட்ஸ் விதௌட் ஃபீட்’ என்னும் இரண்டு நூல்களே மேற்சொன்ன ஆண்டிற்குரிய பாடங்கள். இவற்றைப் புரட்டிப் பார்க்கும் எவரும் ஒன்றைக் கவனிக்கலாம். ஆங்கிலப் பாடநூல் என்று பெயரேயொழிய, அதிலுள்ளவற்றுள் பல வேறு மொழிகளில் பிறந்து ஆங்கிலத்திற்கு வந்தவை. கடவுளுக்குக் கடிதம் எழுதும் உழவனின் கதை ஸ்பானிய மொழியில் எழுதப்பட்டது. ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பு டச்சு மொழியில் எழுதப்பட்டது. செக்காவின் நாடகம் ருஷ்யமொழி. மாப்பசானின் கழுத்தணிக் கதை பிரெஞ்சு. அவற்றோடு சரியாசனத்தில் ஒரு தமிழ்க் கதையும் வீற்றிருக்கிறது!

‘மேடம் ரைட்ஸ் தி பஸ்’ என்னும் அக்கதை நம் வல்லிக்கண்ணன் எழுதியது. ஆங்கிலத்தில் ஆக்கியவர் கே. எஸ். சுந்தரம். நெல்லைச் சீமையைச் சேர்ந்த வல்லிக்கண்ணன் 1920இல் பிறந்து 2006இல் மறைந்தவர். ‘புதுக்கவிதையின் தோற்றமும் வளர்ச்சியும்’ என்னும் நூலுக்காக 1978இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். கன்னியாகுமரி முதல் காஷ்மீரம் வரையில், வாரியத்தின் பள்ளிகளில் பயிலும் பிற மொழிப் பிள்ளைகளெல்லாம் இக்கதையைப் பாடமாகப் படித்து விடை எழுதியிருக்கிறார்கள். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இதைத் தமிழ்க் கதையென்று தெரியும் என்பது வேறு கேள்வி.

வள்ளியம்மை எட்டு வயதுச் சிறுமி. வீட்டு வாசலில் நின்று தெருவை வேடிக்கை பார்ப்பதே அவள் பொழுதுபோக்கு. மணிக்கொருமுறை தன் ஊருக்கும் பக்கத்துப் பட்டணத்திற்குமாகப் போய்வரும் பேருந்தில் ஒருமுறை ஏறிவிட வேண்டும் என்பது அவள் ஆசை. போக முப்பது காசு, வர முப்பது காசு என்பதைப் பிறர் பேச்சிலிருந்தே கேட்டறிகிறாள். மிட்டாயையும் பலூனையும் திருவிழா ராட்டினத்தையும் துறந்து அறுபது காசு சேர்க்கிறாள். தாயார் உறங்கும் பகற்பொழுதில் தனியே பயணம் போகிறாள். போகும்போது பேருந்துக்கு முன்னே வாலைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஓர் இளம்பசுவைக் கண்டு கண்ணீர் வரச் சிரிக்கிறாள். திரும்பும்போது அதே பசு வழியோரத்தில் செத்துக் கிடக்கிறது. அதற்குமேல் அவளுக்குச் சன்னல் பக்கம் பார்க்க மனமில்லை.

தில்லி மெட்ரோவில் வளரும் பிள்ளைக்கு இதில் ஒன்றுமே வியப்பாகத் தோன்றுவதில்லை. ஒரு பேருந்துப் பயணம், அதில் என்ன இருக்கிறது என்கிறது. வினாத்தாளோ, வள்ளியின் மனம் எவ்வாறு மாறியது, அவள் ஏன் நடத்துநரிடம் இலவசப் பானத்தை வாங்க மறுத்தாள் என்று நுணுக்கமாகக் கேட்கிறது. இங்கேதான் வீட்டிலுள்ள பாட்டியார் களத்தில் இறங்க வேண்டும். “நம்ம ஊருக்கு முதல்லே பஸ் வந்தப்போ எப்படி இருந்தது, பாட்டி?” என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், ஒரு மணி நேரம் பேசுவார்கள். வருகிற பேருந்தின் ஓசையைக் கேட்டு ஓடிய சிறுவர்கள், காசுக்காகத் தவம் கிடந்த நாட்கள், சின்னப் பெண்ணை வேடிக்கையாக ‘அம்மா’ என்று மரியாதையோடு அழைத்த நடத்துநர்கள் என எல்லாம் வரும். அதைக் கேட்ட பிள்ளை, துணைநூலின் விடையை உருப்போட வேண்டிய அவசியமின்றித் தன் சொல்லால் எழுதும். ஆங்கிலம் எளியதாக இருக்கும். ஆனால் விடை தன்னுடையதாக இருக்கும்.

பிற பாடங்களுக்கும் இதே வழிதான். இரவு உணவின்போது ஒரு கதையைத் தமிழில் சொல்லட்டும். மறுநாள் காலை அதே கதையிலிருந்து ஒரு வினாவிற்கு ஆங்கிலத்தில் எழுதட்டும். குறுவிடைகளுக்கு 40 முதல் 50 சொற்கள், நெடுவிடைகளுக்கு 100 முதல் 120 சொற்கள் என்பதே வரம்பு. குறுவிடை ஆறுக்குத் தலைக்கு 3, நெடுவிடை இரண்டிற்குத் தலைக்கு 6, பாடத்திலிருந்து எடுத்துத் தரப்படும் பகுதிகள் இரண்டிற்குத் தலைக்கு 5 என்று நாற்பதும் அமைகின்றன. எடுத்துத் தரும் பகுதியைப் படித்துச் சிந்தித்து எழுதும் வினாக்கள் பெருகியுள்ளமையால், அச்சிட்ட விடைகளை மனப்பாடம் செய்யும் பழைய முறை முன்போல் பயன்படுவதில்லை. இதை அறியாத சில பயிற்சி நிலையங்கள் இன்னும் கட்டுக்கட்டாகக் குறிப்புகளை விற்றுவருகின்றன. வாங்குவோர் இருக்கும்வரை விற்பார்கள்.

அக மதிப்பீட்டின் 20 மதிப்பெண்ணில் 5, கேட்டலுக்கும் பேசுதலுக்கும் உரியது. கூச்சத்தால் வாய் திறவாமல் இதை இழக்கும் பிள்ளைகள் உண்டு. தமிழ்நாட்டில் தமிழ்வழியில் எட்டாம் வகுப்பு வரை படித்து, தகப்பனாரின் மாற்றலால் இங்கே வந்து ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர்களிடம் இதை அதிகம் காண்கிறோம். அவர்கள் எழுத்தில் வல்லவர்கள், பேச்சில்தான் தயக்கம். உச்சரிப்பைக் கண்டு பிறர் நகைப்பார்களோ என்று அஞ்சுகிறார்கள். இத்தகைய பிள்ளைகள் நான்கைந்து பேரை ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வீட்டில் ஒன்றுகூட்டி, தலைக்கு இரண்டு நிமிடம் பேசவைத்தால், மூன்று வாரத்தில் தயக்கம் தளரக் காணலாம். வீட்டில் உடன்பிறந்தோர் கேலி செய்வதைப் பெற்றோர் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும்.

தேர்வு நாளைப் பற்றிச் சில சொற்கள். காலை 10:15 மணிக்கு வினாத்தாள் கைக்கு வரும். 10:30க்குத்தான் எழுதத் தொடங்கலாம். இடையிலுள்ள பதினைந்து நிமிடத்தைச் சன்னலைப் பார்த்துக் கழிப்பவர் பலர். அந்நேரத்தில் இலக்கிய வினாக்களைப் படித்து, எவற்றை எழுதுவது, எவற்றை விடுவது என்று முடிவுசெய்துவிட வேண்டும். உரைநடைப் பகுதிகளுக்கு 40 நிமிடம், கடிதம், பத்தி, இலக்கணத்திற்கு 50, இலக்கியத்திற்கு 75, திருப்பிப் பார்க்க 15 என வகுத்துக்கொண்டால் மூன்று மணி சரியாகும். பிப்ரவரி நடுவில் வடக்கே காலைக் குளிர் முற்றும் விலகியிருக்காது. விரல் விறைத்து எழுத்து ஓடாது. ஆகவே மாதிரித் தேர்வுகளை மாலையில் போர்வைக்குள் அமர்ந்து எழுதாமல், அதே காலை நேரத்தில் மேசையில் எழுதிப் பழகுவது நல்லது.

கடைசியாக, ஊருக்குப் போகும் விஷயம். 2026ஆம் ஆண்டு முதல் பத்தாம் வகுப்பிற்கு இருமுறை தேர்வு நடத்த வாரியம் 2025 ஜூன் மாதத்தில் முடிவு செய்தது. பிப்ரவரியில் தொடங்கும் முதல் தேர்வை எல்லோரும் எழுதியாக வேண்டும். மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்ள விரும்புவோர் மொழிப்பாடம் உட்பட மூன்று பாடங்கள் வரை மே மாதத்தில் மறுபடி எழுதலாம். அந்த மே மாதம்தான் நாம் மூட்டை கட்டிக்கொண்டு மதுரைக்கும் தஞ்சைக்கும் நெல்லைக்கும் புறப்படும் மாதம். இரயில் முன்பதிவு 2024 நவம்பர் முதல் அறுபது நாட்களுக்கு முன்புதான் தொடங்குகிறது. எனவே மே மாதப் பயணத்திற்கு மார்ச்சில் சீட்டு எடுக்க வேண்டிவரும். அப்போது முதல் தேர்வின் முடிவு கையில் இராது. பிள்ளை இரண்டாம் முறை எழுதக்கூடும் என்று தோன்றும் குடும்பத்தார், மே மாதத்தை விட்டு ஜூன் முதல் வாரத்திற்குச் சீட்டு எடுப்பதே உசிதம். கோடை விடுமுறை அப்போதும் மிச்சமிருக்கும், மாம்பழமும் இருக்கும்.